அய்யாவு மற்றும் பிறர்

1

இந்தக் கதை எனக்கு ஒட்டுக் கேட்டதில் கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பெரிய கற்பனைக்காரன் என்று நினைத்துவிடக் கூடாது.

ஜொகூர் மாநிலத்து மாசாயில் ஒரு டயாலிசிஸ் நிலையம். என் அக்கா சொர்ணத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதால், வாரத்தில் மூன்று நாள் அவளை அங்கே கூட்டிக்கொண்டு போவது என் வேலையாக இருந்தது. இயந்திரம் இரத்தத்தை எடுத்துச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுக்க நான்கு மணி நேரம் ஆகும். அக்கா தூங்கிவிடுவாள். நான் பக்கத்து நாற்காலிகளில் என்ன பேசுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எழுதுகிறவனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே பேசுகிறவர் யாரும் பாதியில் எழுந்து போக முடியாது.

ஒரு நாள் பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர். ஊசி ஏறி, குழாயில் இரத்தம் ஓடத் தொடங்கியதும் மகளைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னிக்கி எத்தன?"

அவள் ஒரு எண்ணைச் சொன்னாள். எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை, ஏதோ நூற்றுக் கணக்கில். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அந்த நிலையத்தில் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை.

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. மிச்சம் எல்லாம் நான் கட்டியது. அந்த மகளிடமே போய் என்ன எண் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உண்மை தெரிந்த பிறகு கதை எழுதுவது பெரிய சூசா, அவ்வளவு தொல்லை.

2

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

'அய்யாவு நாலு நம்பர் எடுப்பதை டாக்டர் சொல்லியும் விடவில்லை, மகள் சொல்லியும்—'

நிறுத்திவிட்டேன். நம் ஆள்களைப் பற்றிக் கதை எழுத உட்கார்ந்தால் கை தானாக அவர்களை லாட்டரிக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. எனக்கே வெட்கமாக இருந்தது.

அடுத்த ஆரம்பத்தில் அந்த எண்ணை இரத்தப் பரிசோதனை முடிவாக்கினேன். அது இன்னும் மோசம். சிறுநீரகம் போனவர் இரத்தப் பரிசோதனை எண்ணைக் கேட்டுச் சிரித்ததாக இதுவரை தகவல் இல்லை.

வழி காட்டியவள் லோஷினி. அக்கா மகள். கோத்தா திங்கியில் இடைநிலைப்பள்ளியில் பௌதிகம் சொல்லிக் கொடுக்கிறாள். நான் எழுதுவதைப் படித்துத் தவறு கண்டுபிடிப்பதில் அவளுக்குத் தனி ருசி.

"ஆராய்ச்சி பண்றவங்க தான் மாமா தெனமும் நம்பர் பாப்பாங்க," என்றாள். "நாம எழுதுன பேப்பர எத்தன பேரு அவங்க பேப்பர்ல எடுத்துக் காட்டியிருக்காங்கன்னு. அதுல தான் வேல, பதவி எல்லாம்."

"அதப் போயி ஒரு அப்பா கேப்பாரா?"

"அது உங்க பாடு லா. நீங்க தானே எழுத்தாளரு."

3

ஆகவே, ரூபினி.

நாற்பது வயதை நெருங்குகிறாள். ஜொகூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த விரிவுரையாளர். துறை, துகள் இயற்பியல் கோட்பாடு. ஆய்வுக்கூடம் கிடையாது, வெள்ளை அங்கி கிடையாது. தாள், பேனா, ஒரு கம்ப்யூட்டர். உலகத்தில் உள்ளதிலேயே மிகச் சின்னப் பொருள்கள் எவை, அவை ஏன் அப்படி நடந்துகொள்கின்றன என்று உட்கார்ந்து கணக்குப் போடும் வேலை. குடியிருக்கும் தாமானில் யாராவது "கணக்கு டீச்சரா?" என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

அப்பா அய்யாவு. கோத்தா திங்கிப் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே குலை ஏற்றும் லாரி ஓட்டி, பிறகு பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் ஜாகா வேலை, அதாவது காவல்காரர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி வெள்ளையம்மா காலமான பிறகு மாசாய் வீட்டில் மகளோடு இருக்கிறார். பௌதிகம் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசைப்படவில்லை. ஆனால் பெருமைக்காரர். சட்டைப் பையில் பேனா இல்லாமல் வெளியே போகமாட்டார். கையெழுத்துக் கேட்க யாராவது வருவார்கள் என்பது போல இருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும், இல்லாவிட்டால் கதையே இல்லை. மலேசியாவில் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான். அடையாள அட்டையில் அவள் 'ரூபினி அனாக் பெரெம்புவான் அய்யாவு', அதாவது அய்யாவுவின் மகள் ரூபினி. வெளிநாட்டு ஆய்விதழ்க்காரனுக்கு இந்த நுணுக்கம் எல்லாம் தெரியாது. கடைசியில் நிற்பதுதான் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்வான். ரூபினி எழுதியதெல்லாம் உலகத்தின் கண்ணுக்கு அய்யாவு எழுதியது.

அவள் துறையில் இன்னொரு வழக்கமும் உண்டு. பலர் சேர்ந்து எழுதினால் பெயர்களை அகரவரிசையில்தான் போடுவார்கள். யார் அதிகம் உழைத்தார் என்ற சண்டைக்கே இடமில்லை. ஸ்வீடன்காரர் லிண்ட்க்விஸ்ட், ஜப்பான்காரர் தனாகா, ரூபினி மூவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினால் முதலில் நிற்பவர் அய்யாவு. எடுத்துக் காட்டுகிறவர்கள் மூன்று பேரையும் எழுதச் சோம்பல்பட்டு, 'அய்யாவு மற்றும் பிறர்' என்று முடித்துக்கொள்வார்கள்.

ரூபினி இதை முதல் தடவை திரையில் காட்டியபோது அய்யாவு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"அப்ப இந்த வெள்ளக்காரனும் ஜப்பான்காரனும்?"

"அவங்க தான் ப்பா 'பிறர்'."

அன்று அவருக்கு இரண்டு கோப்பை தே தாரிக் தேவைப்பட்டது.

4

அந்தக் கட்டுரையின் கதை சோகமானது. லோஷினி மூன்று முறை விளக்கி, நான் இரண்டு முறை புரிந்ததாக நடித்து எழுதியது இது.

ஜெனீவா பக்கத்தில் பூமிக்கு அடியில் துகள்களை மோதவிட்டுப் பார்க்கும் பெரிய இயந்திரம் ஒன்று இருக்கிறது. 2015 டிசம்பரில் அங்கிருந்து வந்த கணக்கில், ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்த கோட்டில் ஒரு சின்ன மேடு தெரிந்தது. இதுவரை யாரும் பார்க்காத ஒரு துகள் அங்கே இருக்கலாம் என்று அர்த்தம். உலகம் முழுக்க ஆள்கள் விழுந்தடித்துக்கொண்டு விளக்கம் எழுதினார்கள். அப்போது ஸ்வீடனில் தற்காலிக வேலையில் இருந்த ரூபினியும் மற்ற இருவரும் சில நாள்களுக்குள் ஒன்றை எழுதி முடித்தார்கள். அழகான விளக்கம். மற்றவர்கள் அதை எடுத்துக் காட்டினார்கள். எண் மளமளவென்று ஏறியது.

அடுத்த ஆகஸ்டில் புதிய கணக்கு வந்தது. மேடு இல்லை. துகளும் இல்லை. பூவா தலையா போடும்போது சில சமயம் வரிசையாகத் தலையே விழுமே, அந்த மாதிரி ஒரு தற்செயல். யாரும் தவறு செய்யவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான கெட்டிக்காரர்கள் இல்லாத ஒன்றைப் பற்றி மிக நேர்மையாக எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான்.

(இல்லாத ஆள்களைப் பற்றி நேர்மையாக எழுதுவதில் எனக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு. என் கதைகளை எடுத்துக் காட்டியவர் இதுவரை ஒரே ஒருவர். என் அக்கா. அதுவும் என்னைத் திட்டுவதற்காக.)

மேற்கோள் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. அதற்கு ஏறத்தான் தெரியும். துகள் போன பிறகும் முன்னூற்றுப் பதினெட்டு என்று நின்றுகொண்டிருந்தது. அந்த முன்னூற்றுப் பதினெட்டைப் பார்த்துத்தான் ஜொகூரில் வேலை கொடுத்தார்கள். இல்லாத துகள் அவளுக்குச் சோறு போட்டது.

அதன் பிறகு அவள் தனியாக ஒரு கணக்கில் இறங்கினாள். ஏழு வருடம். அதன் விவரம் எனக்குப் புரியவில்லை, லோஷினிக்கும் பாதிதான் புரிந்தது. அந்தக் கணக்கை ரூபினி நேசித்தாள் என்பது மட்டும் தெரியும். வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அது கட்டுரையாக வந்து இரண்டு வருடம் ஆகிறது. எடுத்துக் காட்டியவர் ஒருவர், அது ரூபினியே. தன் அடுத்த கட்டுரையில்.

பல்கலைக்கழகத்தில் ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்தில் தலைவர் மரியாதையாகத்தான் கேட்டார். "டாக்டர், உங்க மேற்கோள் முழுக்க ஒரே பழைய பேப்பர்ல இருக்கே. அதுக்கப்புறம்?"

அதுக்கப்புறம் ஏழு வருடம் என்று அவள் சொல்லவில்லை. அந்த மேசையில் ஏழு வருடத்துக்கு எண் கிடையாது.

5

பொய் தொடங்கிய இடம்.

அய்யாவுக்கு முதல் நாள் டயாலிசிஸ். தடித்த ஊசியைப் பார்த்ததும் பெருமைக்காரர் சின்னப் பையனாகிவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, மகளின் கையை இறுக்கிப் பிடித்து, ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டார். "நம்ம பேப்பரு இப்ப எத்தன?"

ரூபினி பல வருடமாக அந்த எண்ணைப் பார்க்கவில்லை. பார்க்கவும் தேவையில்லை, செத்துப்போன எண் அது. "முன்னூத்தி முப்பது ப்பா," என்றாள்.

"ஏறியிருக்கு."

"ஏறியிருக்கு."

ஊசி உள்ளே போனது அவருக்குத் தெரியவே இல்லை. மிஸ்ஸி நர்மதா, அந்த நிலையத்துத் தாதி, "அங்கிள் நல்ல ஆளு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அதே கேள்வி. அவளும் ஒன்று, இரண்டு என்று ஏற்றிச் சொல்லுவாள். சில நாள் கூடவே ஊர்ப் பெயரும் சேர்ப்பாள். பிரேசிலில் ஒருவர், கொரியாவில் இரண்டு பேர். அடுத்த நாற்காலிக்காரர் செல்லப்பன் பந்தாட்ட முடிவு கேட்பது போல, "அய்யாவுண்ணே, ஸ்கோர் எத்தன?" என்று கேட்பார். அய்யாவு ஊர்ப் பெயரோடு சொல்லுவார். எந்தப் பேப்பர், எதைப் பற்றி என்றெல்லாம் அவருக்கு அக்கறை கிடையாது. அவர் எண்ணியது பெயரை. யாரோ, எங்கோ, ஒரு தடவை 'அய்யாவு' என்று சொன்னார்கள்.*

மூன்று வருடத்தில் எண் தொள்ளாயிரத்தைத் தாண்டியது.

* அவர் தலைமுறையில் தோட்டத்தில் விடியலில் பெரட்டு நடக்கும். ஆள்களை வரிசையாக நிறுத்தி, தோட்டத்துக் கணக்கரான கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்டால் அன்று வேலை உண்டு. கூப்பிடாவிட்டால் பேசாமல் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். இதை ஏன் அடிக்குறிப்பில் போட்டேன் என்று தெரியவில்லை. கதைக்குள் போட்டால் நான் அய்யாவுவை விளக்குவது போல ஆகிவிடும் என்று பயம்.

6

டயாலிசிஸ் ஊசிக்காக அய்யாவு கையில் செய்திருந்த இரத்த வழி அடைத்துக்கொண்டது. மறு ஏற்பாடு ஆகும்வரை கழுத்தில் குழாய் போட்டார்கள். அய்யாவு தலையைத் திருப்ப முடியாமல் கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

"இன்னிக்கி எத்தன?"

"தொள்ளாயிரத்தி நாப்பது ப்பா."

"ஆயிரத்துக்குக் கிட்ட வந்துருச்சு."

"ஆமாம்."

விரலை மடக்கி மிச்சத்தை எண்ணினார். பிறகு சொன்னார். "ஆயிரம் ஆவட்டும். அதோட நிறுத்திக்கலாம்."

"எத ப்பா?"

கண்ணால் இயந்திரத்தைக் காட்டினார். "இதத்தான். போதும் ம்மா. காலு இழுக்குது. நெனச்ச தண்ணி குடிக்க முடியல, பூனைக்கு ஊத்துற மாரி ஊத்துற. ஆயிரம் பேரு நம்ம பேரச் சொல்லியாச்சுன்னா அப்பறம் எனக்கு என்னா கொற?"

"அப்டிலாம் பேசாதீங்க ப்பா."

"பேசல. முடிவச் சொல்றேன்."

ரூபினி வெளியே வந்து மிஸ்ஸி நர்மதாவிடம் கேட்டாள். நிறுத்தினால் என்ன ஆகும் என்று.

"ஒரு வாரம், பத்து நாளு க்கா. டாக்டர் பேசிப் பாப்பாரு. ஆனா அவருக்கு நெனவு நல்லா இருக்கு, அவரு வேணாம்னா நாம புடிச்சி உக்கார வைக்க முடியாது."

ரூபினி கார் நிறுத்துமிடத்தில் நின்று அழுதாள். ஆசையாக ஏற்றிய எண். ஒவ்வொரு நாளும் அப்பா முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தானே ஏற்றினாள். இப்போது இன்னும் அறுபது ஏற்றினால் அப்பா இல்லை.

7

எண்ணைக் குறைக்க முடியாது. உலகத்தில் எந்த மேற்கோளும் குறைந்ததில்லை என்று அவளே அவருக்கு ஒரு முறை பெருமையாகச் சொல்லியிருந்தாள். ஆகவே மெதுவாக ஏற்றினாள். இரண்டு ஒன்றாயிற்று. ஒன்று வாரத்துக்கு ஒன்றாயிற்று.

"என்னா ரூபி, ஒலகம் முழுக்க சீனப் பெருநாள் லீவா?"

"மெதுவாத்தான் ப்பா ஏறும்."

"முந்தியெல்லாம் ஏறுச்சே."

தொள்ளாயிரத்து எழுபத்தாறில் நிறுத்திப் பார்த்தாள். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று. அய்யாவு கேட்பதை விடவில்லை, ஆனால் பதிலைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். செல்லப்பன் ஸ்கோர் கேட்டபோது தூங்குவது போலக் கிடந்தார். ஒரு நாள் காலையில் ரூபினி காரைக் கிளப்பிவிட்டுக் காத்திருக்க, அவர் வீட்டு வாசலில் வெறுங்காலோடு நின்றார்.

"ஏறுங்க ப்பா, நேரமாச்சு."

"பேரு கூப்புடாத எடத்துக்கு எதுக்குப் போவணும்?"

இயந்திரத்தை ஒரு தடவை தவறவிட்டாலே மூச்சு முட்டும், நீர் நெஞ்சில் ஏறிவிடும். ரூபினி போனை எடுத்துப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"ப்பா, இப்பத்தான் பாத்தேன். ஒண்ணு ஏறியிருக்கு. துருக்கியில."

அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

அவள் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், வாசகர் கவனிக்க வேண்டும். எண் நின்றால் அவர் இயந்திரத்துக்கு வரமாட்டார். எண் ஏறினால் ஆயிரத்தில் போய் முட்டும். நடுவில் மிச்சம் இருந்த கொஞ்ச எண்களை அவள் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தாள், அவருக்குத் தண்ணீர் கொடுப்பது போலவே.

8

இங்கிருந்து எழுதத் தெரியாமல் மூன்று முடிவுகளைச் செய்துபார்த்தேன்.

முதல் முடிவில் ரூபினி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். துகளே இல்லை ப்பா, எண் எப்பவோ நின்னு போச்சு, மிச்சமெல்லாம் நான் கட்டிச் சொன்னது. இதுவரை சரளமாக வந்தது. பிறகு,

'"அப்ப இந்த மூணு வருசமா," என்று தொடங்கிய அய்யாவு, கழுத்துக் குழாயைத் தொட்டபடி—'

தொட்டபடி என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் படைத்த ஆள்தான். ஆனாலும் தெரியவில்லை. அந்த வாக்கியத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

இரண்டாவது முடிவில் அய்யாவுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும், மகளுக்காகத்தான் நம்புவது போல இருந்தார். கைதட்டல் வாங்கும் முடிவு. எழுதி முடித்ததும் எனக்கே எரிச்சலாக வந்தது. அய்யாவு நம்பினார். முழுசாக நம்பினார். அவருடைய அந்த நம்பிக்கையைப் பறித்து எனக்கு ஒரு திருப்பம் வாங்கிக்கொள்ள நான் யார்?

மூன்றாவது முடிவில் ரூபினி, ஆயிரம் எல்லாம் சாதாரணம் ப்பா, இரண்டாயிரம் ஆகட்டும் என்று பேசிச் சம்மதிக்க வைக்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். கதை சுபம். இதை லோஷினியிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் தாள்களை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"உங்க கழுத்துல அந்தக் கொழாய் இருந்தா ரெண்டாயிரம்னு எழுதுவீங்களா மாமா?"

"பின்ன அவரச் சாவ விடச் சொல்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லல." கவிழ்த்த தாள்களை நேராக அடுக்கிவிட்டுக் கேட்டாள். "அம்மா இந்த மாரி ஒரு நம்பர் வச்சிருந்தா, நாம என்னா சொல்லியிருப்போம்?"

(இந்த இடத்தில் அக்காவைப் பற்றி நீளமாக எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். மார்ச் மாதத்தில் ஒரு நாள் சொர்ணம் அக்கா போதும் என்றாள். பேசிப் பார்த்தோம், கெஞ்சினோம், லோஷினி காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆயிரம், ஐந்நூறு என்று அவளிடம் கணக்கு ஏதும் இல்லை. போதும் என்றால் போதும். பத்து நாள்கூட ஆகவில்லை. நான் இந்த வரியை எழுதும்போது அவள் உட்கார்ந்த நாற்காலியில் வேறு யாரோ படுத்திருப்பார்கள்.)

லோஷினி அப்படிக் கேட்ட பிறகு நான் கதையை மூன்று மாதம் தொடவில்லை.

9

திரும்பி வந்தபோது ரூபினி நான் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் எழுதாவிட்டால் அவள் எங்கே போவாள். எண் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. இரண்டு வாரமாக அதே எண். அய்யாவு கழுத்து மெலிந்து, சட்டை தோளில் தொங்கியது. பேனா மட்டும் பையில் இருந்தது.

எனக்கு அவள்மீது இரக்கமாக இருந்தது. இவ்வளவு நாள் அவளை அழ வைத்ததற்கு ஏதாவது நல்லது செய்யலாம் என்று பட்டது. பணம் கொடுக்கலாம், பதவி கொடுக்கலாம், எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் ஒன்று தோன்றியது.

அன்று அப்பாவை உள்ளே விட்டுவிட்டு, காரிலிருந்து கம்பளி எடுக்க வந்தாள். போனில் ஒரு செய்தி. சிலியில் யாரோ ஒரு மாணவி. கேள்விப்படாத பெயர். அவள் வெளியிட்ட கட்டுரையில், ரூபினி ஏழு வருடம் தனியாகப் போட்ட அந்தக் கணக்கை எடுத்து, அதை வைத்து வேறொரு பூட்டைத் திறந்திருந்தாள். ரூபினி நின்றபடியே படித்தாள். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. 'அய்யாவு காட்டிய வழியிலேயே நாங்கள் இந்தக் கணக்கைச் செய்கிறோம்.'

மற்றும் பிறர் இல்லை. அய்யாவு மட்டும்.

ரூபினி கம்பளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே கார் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கணக்கு சரி. எங்கோ ஒருத்தி அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள், அது பிடித்து நின்றிருக்கிறது. ஏழு வருடம் வீண் இல்லை. இதை யாரிடம் சொல்வது? சொல்வதற்கு உலகத்தில் அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆள். ஓடிப்போய், ப்பா, கூப்பிட்டாங்க ப்பா, நெஜமாவே கூப்பிட்டாங்க என்று சொல்ல வேண்டும் என்று எழுந்தாள்.

இரண்டு அடி வைத்த பிறகுதான் அவளுக்கு எண் நினைவுக்கு வந்தது.

எனக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் அவளுக்கு நல்லதுதான் செய்ய நினைத்தேன்.

இது வேறே பேப்பர் ப்பா, இத அந்தக் கணக்குல சேக்க வேணாம் என்று சொல்லலாம். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். பேரு ஒண்ணு தானே என்பார். மத்ததெல்லாம் பொய், இது ஒண்ணு தான் நெஜம் என்று சொல்லலாம். அப்படியானால் பிரேசில் இல்லை, கொரியா இல்லை, துருக்கி இல்லை. மூன்று வருடம் அவர் செல்லப்பனிடம் சொன்ன ஊர்கள் எதுவும் இல்லை. சொல்லாமலே இருந்துவிடலாம். அப்போது அவர் பெயரை உலகம் உண்மையாகவே தேடி வந்து கூப்பிட்ட ஒரே ஒரு தடவை, அவர் காதில் விழாமலே போகும்.

லோஷினியிடம் இந்தப் பகுதியைக் காட்டினேன். படித்தாள். வழக்கமாகச் சிவப்புப் பேனாவால் ஏதாவது கிறுக்குகிறவள் ஒன்றும் எழுதாமல் திருப்பிக் கொடுத்தாள்.

"என்னா சொல்ற?" என்றேன்.

"அவரு கேப்பாரு இல்ல?"

"கேப்பாரு."

"அப்ப யாராச்சும் சொல்லித்தானே ஆவணும், மாமா."

10

நான் சொல்ல மாட்டேன். அக்காவுக்கே என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அடுத்தவர் அப்பாவுக்கு எப்படிச் சொல்வேன்? என்னைக் கோழை என்று நீங்கள் நினைக்கலாம், நினைத்துக்கொள்ளுங்கள். ரூபினியையும் நான் இதற்கு மேல் கஷ்டப்படுத்தப் போவதில்லை. அவள் அந்தக் கார் ஓரத்திலேயே இருக்கட்டும், இரண்டாம் பக்கத்து வரியை இன்னும் ஒரு முறை படித்துக்கொண்டு. அவளுக்கு அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம் முழுசாகக் கிடைக்கட்டும்.

நீங்கள் கம்பளியை எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

ஜன்னல் ஓரத்து நாற்காலி. காலில் கம்பளியைப் போர்த்திவிடுங்கள், இயந்திரம் ஓடும்போது அவருக்குக் குளிரும். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி இருக்கும், அதில் உட்காருங்கள். செல்லப்பன் உங்களைப் பார்த்துத் தலையாட்டுவார், நீங்களும் ஆட்டுங்கள். மிஸ்ஸி நர்மதா குழாயைச் சரிபார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். அய்யாவு கையை நீட்டி உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறார். சில்லென்று இருக்கிறது. பிடி மட்டும் கெட்டியாக இருக்கிறது.

"இன்னிக்கி எத்தன ம்மா?"

ஒன்று ஏறியிருக்கிறது என்பது உண்மை. இதுவரை நீங்கள் அவரிடம் ஏற்றிச் சொன்னது எதுவும் உண்மை இல்லை, இது ஒன்றுதான் உண்மை.

அவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சொல்லுங்கள்.